பத்து நிமிடத்தில் தெரிந்தது, இன்சார்ஜுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: சார், வணக்கம். எனக்கு 36 வயது, ஊர் புதுச்சேரி பக்கம் வில்லியனூர். சேதராப்பட்டில் ஒரு மாத்திரை கம்பெனியின் பேக்கிங் பிரிவில், மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் பிளிஸ்டர் மெஷினை 11 வருடம் ஓட்டினேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்கினார்கள். எனக்குக் கீழே 26 பேர், பாதிக்கு மேல் கான்ட்ராக்ட் ஆட்கள். தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். என்னைவிட ஒன்பது வருடம் சீனியரான ஓர் அண்ணன் இருக்கிறார். தனக்கு வரவேண்டிய பதவி என்ற வருத்தத்தில் முகம் கொடுத்தே பேசுவதில்லை. ஃபெஞ்சல் புயலன்று ஸ்டோரில் தண்ணீர் ஏறுவதற்குள் அட்டைப்பெட்டிகளையெல்லாம் மேலே ஏற்றிக் காப்பாற்றியவர் அவர்தான், அதை நான் மறுக்கவில்லை.

போன மாதம் ஒரு பேட்ச் (ஒரு தொகுதி மாத்திரை) முடிந்து அடுத்ததற்கு மாற்றும்போது, ஃபாயிலில் பழைய பேட்சின் காலாவதித் தேதியே அச்சாகி ஒன்றே முக்கால் மணி நேரம் மெஷின் ஓடிவிட்டது. தரத்தைச் சரிபார்க்கும் க்யூ.ஏ. பிரிவினர் ரவுண்டு வந்தபோதுதான் பிடித்தார்கள். செக்கிங் டேபிளில் இருக்கும் அக்கா முதல் பத்து நிமிடத்திலேயே பார்த்துவிட்டாராம். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம், அவர் இன்னொருவரிடம் சொன்னாராம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன கடித்தா விடுவேன்? காலை 5:30-க்கு உள்ளே வந்தால் மாலை 6 மணிக்குத்தான் வெளியே போகிறேன். மெஷினில் என்ன சிக்கல் என்றாலும் நானே கை வைத்துச் சரிசெய்கிறேன். மற்ற ஷிஃப்டைவிட என் ஷிஃப்டில் டீவியேஷன், அதாவது முறை தவறியதாகப் பதிவாகும் குறைகளின் எண்ணிக்கையும் குறைவு. இருந்தும் மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைத் திட்டுகிறார். நல்ல லீடராக நான் என்ன செய்ய வேண்டும்? இல்லை, பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினுக்கே போய்விடட்டுமா? பழைய நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் இன்னும் இருக்கிறேன். அதில் தொடரலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பத்து நிமிடத்தில் வந்து நின்றுவிட்டேன். மூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது. மூவரும் உங்களிடமிருந்து இருபது அடி தூரத்தில் நின்றிருப்பார்கள். செய்தி அந்த இருபது அடியைத் தாண்டி உங்களிடம் வரவில்லை. உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இந்த ஒன்றைச் சரிசெய்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே இளகிவிடும் என்பது என் அனுபவம். கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரியிலுமாக 31 வருடம் தொழிற்சாலையில் இருந்தேன். ஷிஃப்ட் கெமிஸ்ட்டாகச் சேர்ந்து உற்பத்தி மேலாளராக ஓய்வு பெற்றேன். இப்போது சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இன்சார்ஜ் நல்லவரா, கெட்டவரா என்று நான் பார்ப்பதில்லை. கெட்ட செய்தி அவரிடம் எத்தனை நிமிடத்தில் வந்து சேர்கிறது என்றுதான் பார்ப்பேன்.

“நான் என்ன கடித்தா விடுவேன்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாக யாராவது உங்களிடம் வந்து ஏதாவது ஒரு குறையைச் சொன்ன மூன்று சந்தர்ப்பங்களை நினைத்துப் பாருங்கள். அப்போது உங்கள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன? “இதுக்குமா என்னைக் கூப்பிடுவ?” என்பதா? “அது எனக்குத் தெரியும்” என்பதா? “சரி, நீ போ, நான் பார்த்துக்கறேன்” என்பதா? இவை எதுவும் திட்டு இல்லை. நீங்கள் அதை அன்றே மறந்திருப்பீர்கள். ஆனால் அதைக் கேட்ட ஆள் மறக்கவே மாட்டார். பக்கத்தில் நின்று பார்த்த நான்கு பேரும் மறக்க மாட்டார்கள். இனி எதையெல்லாம் உங்களிடம் கொண்டுவரலாம், எதையெல்லாம் கொண்டுவரக் கூடாது என்பதை அந்த ஒரு வார்த்தையை வைத்தே முடிவு செய்துகொள்வார்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். கடலூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பொறுப்பில் இருந்தபோது, ஒரு ஹெல்பர் வந்து, “சார், ரெண்டாம் நம்பர் பம்ப் சத்தம் வேற மாதிரி கேக்குது” என்றார். ஏதோ ஒரு அறிக்கையை முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். “நீ உன் வேலையைப் பாருப்பா” என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ராத்திரி அந்தப் பம்ப்பின் பேரிங் போய், அதனால் சீல் கிழிந்து, சால்வென்ட் தரையெல்லாம் ஓடியது. பக்கத்தில் ஒரு தீப்பொறி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. மறுநாள் அவரைக் கூப்பிட்டு, “சாயங்காலம் சத்தம் அதிகமானப்ப இன்னொரு தடவை வந்து சொல்லியிருக்கலாமே” என்றேன். அவர் கொஞ்சமும் குத்தலில்லாமல், “நீங்கதானே சார் என் வேலையைப் பார்க்கச் சொன்னீங்க” என்றார். எனக்குப் பதில் இல்லை. படிப்பு, பதவி, அனுபவம் எல்லாம் எனக்கு இருந்தது. அந்த மெஷினின் சத்தம் மாறியதைக் கேட்ட காது அவருடையது. அதை நானே அடைத்துவிட்டேன்.

உலகத்தின் மிகப் பெரிய விமான விபத்துகளில் ஒன்றிலும் இதேதான் நடந்தது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில், மூடுபனியில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானம் இன்னும் பாதையை விட்டு விலகாத நேரத்தில் இன்னொன்றின் கேப்டன் கிளம்பிவிட்டார். அவர் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கும் நிலையில் இருந்த மூத்தவர். அவர் விமானத்திலேயே இருந்த ஃப்ளைட் இன்ஜினீயருக்குச் சந்தேகம் வந்தது. அந்த விமானம் விலகிவிட்டதா என்று கேட்கவும் செய்தார். கேப்டன் ஆமாம் என்று அழுத்திச் சொன்னார். அதற்குமேல் இன்ஜினீயர் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் மோதல். அதற்குப் பிறகு, இளையவர் தயங்காமல் சந்தேகத்தைச் சொல்லவும் மூத்தவர் அதைக் காது கொடுத்துக் கேட்கவும் விமான நிறுவனங்கள் தனியாகவே பயிற்சி கொடுக்கத் தொடங்கின. இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த கேப்டன் சோம்பேறியோ திறமையில்லாதவரோ இல்லை. மிகத் திறமையானவர். மேலே இருப்பவரின் திறமை கூடக் கூட, “அவருக்குத் தெரியாமலா இருக்கும்” என்று பக்கத்திலிருப்பவர் வாயை மூடிக்கொள்வார். 11 வருடம் அந்த மெஷினை ஓட்டியவர் நீங்கள். செக்கிங் அக்கா உங்களைப் பற்றியும் அதைத்தான் நினைத்திருப்பார்.

அடுத்து, டீவியேஷன் எண்ணிக்கை. உங்கள் ஷிஃப்டில் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரிதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. 1990-களில் அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நல்ல தலைமை, நல்ல ஒற்றுமை இருக்கும் வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அங்கேதான் தவறு அதிகமாக இருந்தது. தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அந்த வார்டுகளில் செவிலியர்கள் பயமில்லாமல் தவறை வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். அதனால் ஒரே மாதிரி மெஷின், ஒரே மாதிரி ஆட்கள் இருக்கும்போது உங்கள் ஷிஃப்டில் மட்டும் எண்ணிக்கை குறைவு என்றால், சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு வாரம் சந்தேகப்பட்டுப் பாருங்கள். சின்னச் சின்னக் குறைகள் எழுதப்படாமல் போகும் இடத்தில்தான் திடீரென்று ஒன்றே முக்கால் மணி நேரத் தவறு வந்து நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் அந்த அக்காவிடம் போங்கள். உங்கள் கேபினுக்குக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டாலே, வேலை போகப் போகிறது என்று நினைத்துக்கொள்வார், அதுவும் கான்ட்ராக்டில் இருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். டீ நேரத்தில் அவர் இருக்கும் இடத்துக்குப் போய், “அக்கா, அன்னைக்கு தேதி தப்பா இருந்ததை முதல்ல பார்த்தது நீங்கதான்னு கேள்விப்பட்டேன். என்கிட்ட வந்து சொல்றது கஷ்டமா இருந்துச்சுன்னா அது என் தப்பு. எதனால கஷ்டமா இருந்துச்சுன்னு சொல்லுங்க” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயைத் திறக்காதீர்கள். ஒரு நிமிட மௌனம் வரும். அதை நீங்கள் நிரப்ப வேண்டாம். முதல் தடவை “ஒண்ணுமில்ல சார்” என்றுதான் சொல்வார். பரவாயில்லை, மூன்றாவது தடவையில் சொல்வார். என்ன சொன்னாலும், “இல்லக்கா, நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்று மட்டும் மறுத்துவிடாதீர்கள். மறுத்தால் கதவு மூடிக்கொள்ளும்.

அப்புறம் அந்தத் தவறையே எடுத்துக்கொள்ளுங்கள். யார் செய்தது என்ற விசாரணை இந்நேரம் முடிந்திருக்கும். எப்படி நடக்க முடிந்தது என்று யாராவது கேட்டார்களா? பேட்ச் நம்பரை ஃபாயிலில் பதிக்கும் அச்சை (ஸ்டீரியோவை) மாற்றியவர் தேதி ஸ்டீரியோவை ஏன் மாற்றவில்லை? பழைய தேதியின் ஸ்டீரியோ கழற்றி ஒப்படைக்கப்படாமல் மெஷினிலேயே இருக்க எப்படி முடிந்தது? பழைய பேட்சின் பொருள் எதுவும் லைனில் மிச்சமில்லை என்று உறுதி செய்யும் லைன் கிளியரன்ஸ் படிவத்தில் எல்லாம் சரி என்று கையெழுத்து இருக்குமே, அது யாருடையது? உங்களுடையதாக இருந்தால், ஷிஃப்ட் தொடங்கும்போது 26 பேர் முன்னாலும், “நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன்” என்று நீங்களே சொல்லுங்கள். மரியாதை போய்விடும் என்று பயப்படுவீர்கள். நான் பார்த்தவரை போனதில்லை. இன்சார்ஜே ஒத்துக்கொள்கிறார் என்றால் நாமும் சொல்லலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் வருவதற்கு இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

அதோடு ஒரு சின்ன ஏற்பாடு. பேட்ச் மாறியதும் வரும் முதல் மாத்திரை அட்டையை (ஸ்ட்ரிப்பை) ஆபரேட்டரும் செக்கிங் டேபிளில் இருப்பவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் பேட்ச் ஆணையில் இருப்பதைச் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் ஸ்ட்ரிப்பில் இருப்பதைப் படிக்க வேண்டும். பேட்ச் நம்பர், தயாரித்த மாதம், காலாவதி மாதம், விலை. இரண்டு நிமிடம்கூட ஆகாது. உங்கள் க்யூ.ஏ.விடம் பேசி இதை முறைப்படி நடைமுறையில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு வாரத்தில் நின்றுபோகும். அதோடு, சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்தச் சொல்லும் உரிமை செக்கிங் டேபிளில் இருக்கும் கடைசி ஆளுக்கும் உண்டு என்று எல்லார் முன்னாலும் அறிவியுங்கள். டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ உதவிக்குக் கூப்பிடலாம், தேவைப்பட்டால் லைனே நிற்கும். அவ்வளவு பெரிய கம்பெனி அதற்குத் தயாராக இருக்கும்போது ஒரு பிளிஸ்டர் மெஷினை ஐந்து நிமிடம் நிறுத்துவதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வரும். ஒரு நாள் யாரோ மெஷினை நிறுத்தச் சொல்வார்கள். நீங்கள் ஓடிப்போய்ப் பார்ப்பீர்கள். தவறு எதுவும் இருக்காது, அவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கும். டார்கெட் ஒரு பக்கம், மேனேஜர் ஒரு பக்கம். அந்த நேரத்தில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “நல்லது, நிறுத்தினீங்க. ஓட்டலாம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அன்றைக்கு நீங்கள் முகம் சுளித்தால் நான் மேலே எழுதியதெல்லாம் வீண்.

கான்ட்ராக்ட் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. குறையைச் சொன்னவரைக் கான்ட்ராக்டர் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மிச்சம் இருப்பவர்கள் வாழ்நாளில் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் கான்ட்ராக்டரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்: என் ஷிஃப்டில் இருந்து யாரையும் என்னைக் கேட்காமல் மாற்றக் கூடாது. உங்களிடம் வடமாநிலப் பையன்கள் இருந்தால், அவர்கள் தப்பு என்று பார்த்ததை எந்த மொழியில் உங்களிடம் சொல்வார்கள் என்றும் யோசியுங்கள். இந்தி தெரிந்த ஓர் ஆளை அவர்கள் பக்கத்தில் போடுவது உங்கள் பொறுப்பு. 26 பேரின் பெயரும் உங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறேன்.

இப்போது உங்கள் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு வருகிறேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பதவி வந்ததும் நாம் எல்லாரும் கையில் பழகிய வேலையைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொள்வோம், ஏனென்றால் புதிய வேலை இன்னும் பிடிபட்டிருக்காது. ஆனால் நடப்பதைப் பாருங்கள். ஸ்ட்ரிப் ஓரம் ஒட்டவில்லை என்று கூப்பிடுகிறார்கள். நீங்கள் போய் சீலிங் சூட்டைக் கூட்டி, ரோலரைப் பார்த்து, பத்து நிமிடத்தில் ஓட வைத்துவிடுகிறீர்கள். ஆபரேட்டர் கைகட்டி நிற்கிறார். அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: சிக்கல் வந்தால் இன்சார்ஜைக் கூப்பிட வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் மெஷினுக்குள் குனிந்திருந்தீர்கள். மற்ற லைன்களில் என்ன நடந்தது என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. தேதி தவறாக அச்சான அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வேறொரு மெஷினில் கை வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்றுதான் என் மனதில் படுகிறது.

அடுத்த முறை கூப்பிடும்போது போங்கள், ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். “நீ என்ன நினைக்கிற? எதனால ஒட்டல?” என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னாலும், மெஷினுக்கோ ஆளுக்கோ ஆபத்து இல்லையென்றால், அவர் வழியிலேயே செய்து பார்க்க விடுங்கள். அட்டையை நீலச் சாயத் தண்ணீரில் போட்டுக் கசிவு பார்க்கும் லீக் டெஸ்ட்டையும் அவரையே போட வையுங்கள். நீலத் தண்ணீர் உள்ளே ஏறியிருப்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும். பத்து நிமிட வேலை அரைமணி ஆகும். முதல் மாதம் உற்பத்தி கொஞ்சம் அடிவாங்கும், அதை மேனேஜரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாம் மாதம் உங்களைக் கூப்பிடுவது குறையும்.

நேரத்துக்கு வீட்டுக்குப் போங்கள் என்று சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தப் புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. மில் தொழிலாளியாக இருந்த என் தாத்தா, சங்கு ஊதிய பிறகு உள்ளே நிற்கும் மேஸ்திரியைப் பார்த்தால், “அவன் நிக்கறதாலதான் நம்மளையும் நிக்கச் சொல்றான்” என்பாராம். நீங்கள் ஆறு மணி வரை இருந்தால், இரண்டு மணிக்குக் கிளம்பும் உங்கள் ஆட்கள் குற்ற உணர்வோடு கிளம்புவார்கள், அடுத்த ஷிஃப்ட் இன்சார்ஜ் தன் வேலையில் தலையிடுவதாக நினைப்பார். இரண்டு மணிக்கு ஹேண்ட்ஓவர் கொடுங்கள், லாக் புக்கில் முடியாத வேலைகளைத் தெளிவாக எழுதுங்கள், இரண்டரைக்கு வண்டியை எடுங்கள். உங்கள் ஆட்களை யாராவது நேரம் தாண்டி நிறுத்தினால் அதற்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். அது அவர்கள் கைக்குப் போகிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான். தலைமை பற்றிய எந்தப் பேச்சையும்விட, ஓவர்டைம் கணக்கு சரியாக வந்த சம்பளச் சீட்டு உங்கள் ஷிஃப்டில் அதிகமாகப் பேசும்.

அந்த அண்ணன் விஷயம். இதுதான் உங்களுக்கு உள்ளுக்குள் மிகவும் வலிக்கிறது என்று கடிதத்தின் தொனியில் தெரிகிறது. அவர் உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவராகக்கூட இருக்கலாம். எட்டு மாதமாக நீங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை, சரிதானே? கம்பெனிக்கு வெளியே, ஒரு டீக்கடையிலோ அவர் வீட்டிலோ, ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். “அண்ணே, இந்த இடம் உங்களுக்கு வந்திருக்கலாம். எனக்குக் கொடுத்தாங்க, நானும் வாங்கிக்கிட்டேன். உங்களுக்கு வருத்தம் இருக்கும்னு எனக்குத் தெரியும், இத்தனை நாள் வந்து பேசாதது என் தப்பு” என்று சொன்னால் போதும். மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, பதவியைப் பெற்றது குற்றம் இல்லை. “அடுத்த தடவை உங்களுக்கு வாங்கித் தர்றேன்” என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. இரண்டாவது ஏமாற்றத்தை அவர் தாங்க மாட்டார்.

பேசியதோடு நிற்காமல், அவருக்கு அதிகாரத்தோடு கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். ஃபெஞ்சலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2024 நவம்பர் 30-ஐ ஒட்டி ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய ஊர் இது. அன்று எந்த மூலையில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த அடுக்கை முதலில் தூக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஐப்பசி பிறப்பதற்கு முன்னால், மழைக்கால ஏற்பாடு முழுவதையும் அவரிடம் ஒப்படையுங்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லட்டும், ஒரு ஆள் எழுதட்டும், அவர் பெயரிலேயே மேனேஜரிடம் போகட்டும். அதேபோல பேட்ச் மாற்றும் வேலையையும், புது ஆபரேட்டர்களுக்குக் கற்றுக்கொடுப்பதையும் அவரிடம் விடலாம். விட்டால் முழுதாக விடுங்கள். அவர் முடிவு செய்த பிறகு பின்னால் போய் மாற்றாதீர்கள். “அசிஸ்டென்ட்” என்று ஒரு பெயரைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் உங்களைக் கேட்க வைத்தால் அது அவருக்கு இன்னொரு அவமானம்.

இதற்கும் அவர் மசியாமல் போகலாம். ஒரு வருடம்கூட ஆகலாம். அவர் உங்களிடம் சிரித்துப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேலையில் ஒழுங்காக இருந்தால் போதும். ஆனால் புதுப் பையன்கள் முன்னால் உங்கள் சொல்லை வேண்டுமென்றே தட்டினால், அன்றே, தனியாக, “அண்ணே, என்மேல கோபம் இருக்கட்டும். லைன்ல வேலை நிக்கக் கூடாது” என்று நேரடியாகச் சொல்லுங்கள். மரியாதையும் கண்டிப்பும் ஒரே வாக்கியத்தில் இருக்கலாம். தயங்கித் தயங்கி ஆறு மாதம் பொறுத்து, ஒரு நாள் எல்லார் முன்னாலும் வெடிப்பதுதான் ஆபத்து.

மேனேஜர் உங்களை எல்லார் முன்னாலும் திட்டுவது தவறுதான். “சார், என் ஷிஃப்டில் எது நடந்தாலும் பொறுப்பு என்னுது, எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. ரூமுக்குள்ள கேளுங்க. அவங்க முன்னால கேட்டா நாளைக்கு என் பேச்சு அங்க எடுபடாது, நஷ்டம் உற்பத்திக்குத்தான்” என்று அவர் நிதானமாக இருக்கும் ஒரு நேரம் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். உற்பத்தி என்ற சொல்லுக்கு அவர் காது கொடுப்பார். அவர் மாறாவிட்டாலும் ஒரு காரியம் உங்கள் கையில் இருக்கிறது. அந்தத் திட்டு உங்களோடு நிற்க வேண்டும். அவர் அறையிலிருந்து வந்த கையோடு லைனுக்குள் போகாதீர்கள். முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். உங்களிடம் சொல்ல வந்த யாரோ ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனதும் இப்படி ஒரு நாளாகத்தான் இருக்கும்.

பதவியைத் திருப்பிக் கொடுப்பது பற்றி: இப்போது வேண்டாம். எட்டு மாதம் நீங்கள் இன்சார்ஜ் என்ற பெயரில் ஆபரேட்டர் வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள், இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று இன்னும் பார்க்கவே இல்லை. பொங்கல் வரைக்கும் மேலே சொன்னபடி செய்து பாருங்கள். அதற்குப் பிறகும், ஆட்களோடு பேசுவதைவிட மெஷினோடு இருப்பதுதான் நிறைவாக இருக்கிறது என்றால், தயங்காமல் திரும்பிப் போகலாம். நல்ல ஆபரேட்டர் இல்லாமல் எந்தத் தொழிற்சாலையும் ஓடாது. சம்பளம், கிரேடு குறையாமல் மாற்ற முடியுமா என்று எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக வாட்ஸ்ஆப் குழு. வெளியே வந்துவிடுங்கள். நீங்கள் அதில் இருக்கும்வரை அவர்களால் இன்சார்ஜைப் பற்றி வாய்விட்டுப் பேச முடியாது. அவர்களுக்கு அந்த இடம் வேண்டும். நீங்கள் அங்கே படித்ததை வைத்து ஒருவருக்கு ஷிஃப்ட் மாற்றிப் போட்டதாக ஒரு சந்தேகம் கிளம்பினாலும் போதும், பிறகு அடங்காது. ஆனால் சத்தமில்லாமல் விலகிப் போகாதீர்கள். “இனி உங்க லீவு, ஷிஃப்ட் எல்லாம் நான் பார்க்க வேண்டியிருக்கு, அதனால இதுல இருக்கிறது சரியில்லை. நம்ம டீ எப்பவும் போலத்தான்” என்று இரண்டு வரி எழுதிவிட்டு வெளியே வாருங்கள். மறுநாள் காலையில் மறக்காமல் அந்த டீக்குப் போங்கள்.